எரியாத சொட்டு

‘ஈரச் சுவர்’ டி.வி. தொடரைப் பற்றி எங்கள் குடியிருப்பில் இரண்டு கருத்து கிடையாது. ஆமை வேகம் என்பதுதான் எல்லோருடைய கருத்தும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை என் கணவரிடம் மட்டும் நான் சொல்லவில்லை.

நீங்கள் சொட்டு மருந்தைப் பற்றித்தான் கேட்டீர்கள், மேடம். தெரியும். ஆனால் தொடரில் ஆரம்பித்தால்தான் மருந்துக்கு ஒழுங்காக வந்து சேர முடியும். நிதானமாகவே சொல்கிறேன், உங்கள் தட்டச்சுக்காரர் திணற வேண்டியிருக்காது. பேருந்து நிலையத்தில் பல வருஷம் மைக்கில் அறிவிப்புச் செய்தவள் நான். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நிர்வாகம் என் குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து கணினிக்குள் போட்டுக்கொண்டு, என்னைச் சீட்டுக் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தது. மேலே ஒலிபெருக்கியில் நான் பேசிக்கொண்டிருப்பேன். கீழே நான் வாயை மூடிக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். கூட வேலை செய்பவர்கள் இன்னும் என்னை ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. யார் எங்கே உட்கார்ந்து பேசுகிறவள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய் அவருக்கு. இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். கேட்டவர்களிடம், “லிஃப்ட் கதவு மூடிட்டே வந்து நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. அந்த இடுக்கு வழியா உங்களையெல்லாம் பாத்துட்டிருக்கேன்” என்று சிரிப்பார். அந்த இடுக்கில் என் முகம் முழுதாகத் தெரியாது. நெற்றி தெரிந்தால் வாய் தெரியாது.

அந்த இடுக்கு மூடாமல் இருக்கக் காலையிலும் மாலையிலும் ஒரு சொட்டு மருந்து. எரியும் மருந்து. விட்டவுடன் தாடையை இறுக்கிக்கொண்டு, “எரியுது அக்கா, எரியுது” என்பார். “எரியட்டும்டா, வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்பார் அவர் அக்கா.

ஆம், சொட்டுப் போட்டது அக்காதான். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் முதலில் செய்தது அக்காதான். பெற்றோர் போன பிறகு அவரை வளர்த்தவர். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு உள்ளங்கை மரத்துப்போனவர். நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கே அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். கடைசிவரை நான் மூன்றாவது ஆள். இருவரும் ஏதாவது ஒரு பழைய சங்கதியில் பாதி வாக்கியம் சொல்லுவார்கள், மீதிப் பாதிக்குச் சிரிப்பார்கள். “என்ன சொன்னீங்க?” என்று நான் கேட்டால், “உனக்குத் தெரியாது, விடு” என்பார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லமாட்டார். எனக்குத் தெரியாதுதானே? குழந்தை பிறந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. பிறக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ‘ஈரச் சுவர்’ ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை. அந்த நேரம் ஹோட்டலில் விருந்துத் துணிகள் குவியும், அக்கா வேலைக்குப் போய்விடுவார். மற்ற தொடர்களெல்லாம் பளிச்சென்று இருக்கும், டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த இடுக்கு வழியாகவே அவர் சமாளித்துக்கொள்வார். இதை மட்டும் முழுக்க இருட்டில் எடுத்திருந்தார்கள். அதுதான் கலையாம்.

“என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?”

“இல்லைங்க. எடுத்ததே அப்படித்தான்.”

“சத்தத்தையும் காணோமே. யாரும் பேச மாட்டாங்களா?”

“ஒருத்தர் படி ஏறிட்டிருக்கார்.”

“சரி. சொல்லு.”

அந்த ஒரு சொல், மேடம். சொல்லு. என்னிடம் அவர் அதுவரை கேட்டதே இல்லை. “எடு”, “வை”, “அக்கா வந்தாச்சா பாரு” என்பார். சொல்லு என்று சொன்னதில்லை. நான் சொன்னேன். படியின் மரம், கைப்பிடியில் படிந்த தூசி, ஏறுகிறவரின் தேய்ந்த செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் நாற்காலியை டி.வி.யை விட்டு நகர்த்தி என் பக்கம் போட்டுக்கொண்டார். முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து, “அடுத்த ஞாயிறு எங்கேயும் போயிடாதே” என்றார். நான் எங்கே போகப் போகிறேன்.

கதை இதுதான். பெரிய வீடு ஒன்றில் அதன் சொந்தக்காரர் இறந்து கிடக்கிறார். விசாரிக்க இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர் வருகிறார். வந்து உட்காருகிறார். ஜன்னலைப் பார்க்கிறார். சுவரில் ஈரம் பரவுகிறது, அதையும் பார்க்கிறார். வேலைக்காரப் பெண் ஒருத்தி தட்டோடு குறுக்கே போகிறாள். ஒவ்வொரு வாரமும் இதுதான்.

தொடர் முடிந்தவுடன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் குரலில் கருத்து அனுப்புவார்கள். அவருக்கு அதைக் கேட்பதில் தனிச் சந்தோஷம். மேல் வீட்டு டியூஷன் டீச்சர், “நான் நடுவுல எழுந்து மொட்டை மாடிக்குப் போய்த் துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சிட்டு வரேன், அந்த மனுஷன் அதே நாற்காலிலதான் இருக்கார். அவரையும் சேர்த்து மடிச்சு வச்சிடலாம்னு பாத்தேன்” என்பார். கீழே மருந்துக் கடை வைத்திருப்பவர், “கொலை பண்ணினவன் வயசாகி இயற்கையா செத்துடுவான், அப்புறம் யாரைப் பிடிக்கிறது” என்பார். வாசல் காவலர் அனுப்பியதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது: “சார், நான் நாள் பூரா சிசிடிவி பாக்கறேன். அதுல இதைவிட ஆள் நடமாட்டம் ஜாஸ்தி.”

என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு தலையை ஆட்டிக்கொள்வார். “இவங்களுக்கெல்லாம் முழுசா கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்? எவ்வளவு நடக்குது அந்த வீட்டுக்குள்ள. ஒண்ணையும் பாக்கலையே.”

ஏனென்றால் அதற்குள் நான் கொஞ்சம் சேர்க்க ஆரம்பித்திருந்தேன்.

அதைப் பெரிய குற்றமாக எழுதாதீர்கள். அதிகாரி நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். என்ன சொல்ல முடியும்? இன்னும் நிற்கிறார், இன்னும் நிற்கிறார் என்றா? மேஜையில் பாதி எரிந்த கடிதம் கிடப்பதாகச் சொன்னேன். மாடியில் விளக்கு அணைந்ததாகச் சொன்னேன். அவருக்கு மூச்சு நின்று வரும். மெதுவாகப் போகிறது என்று எல்லோரும் அலுத்துக்கொண்ட தொடரை, ஊரிலேயே ஒருவர் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். அதைச் செய்தது நான். குழுவில் வரும் கருத்துகளையும் நானே பார்த்துத்தான் போட்டுக்காட்டினேன். மெதுவாகப் போகிறது என்பவற்றைப் போடுவேன். கதையைச் சொல்பவற்றை அழித்துவிடுவேன். தொடரில் கதையே இல்லாததால் அழிக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

அப்படியே போயிருந்தால் நானும் நீங்களும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஒருநாள் அக்கா கண் மருத்துவமனையிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவர் முகத்திலும் சிரிப்பு. “இருக்கற பார்வை இப்படியே நிக்குமாம்” என்றார் அக்கா என்னிடம். “சொட்டை மட்டும் விடாம போடணுமாம். ஆயுசுக்கும் தாங்கும்னு டாக்டரே சொல்லிட்டார்.” பிறகு அவர் பக்கம் திரும்பி, “டேய், பெரிய டி.வி.யா ஒண்ணு வாங்கிடலாம்டா. இருட்டையே வெளிச்சமாக் காட்டற மாதிரி இப்ப வருதாம். நீயே பாத்துக்கலாம். பாவம், அவளுக்குக் கிடைக்கறது ஒரு லீவு. அன்னிக்கும் வாய் வலிக்க உனக்குக் கதை சொல்லிட்டு.”

“அவ குரலுக்கு பஸ்ஸே கிளம்புது, நான் எம்மாத்திரம்” என்றார் அவர். ஆனால், “வேண்டாம்” என்று சொல்லவில்லை. “எவ்வளவு பெரிசு கிடைக்கும்?” என்று கேட்டார்.

அக்கா அன்பாகத்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. அன்பாகச் சொல்லித்தான் அந்த வீட்டில் என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு, வேலைக்காரப் பெண் வழக்கம்போலத் தட்டோடு குறுக்கே போனாள். “அவ வேலைக்காரி இல்லைங்க” என்றேன். “இறந்தவரோட அக்கா.”

“அக்காவா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே.”

“இன்னிக்குத்தான் முகத்தைக் காட்டறாங்க.”

அதற்கடுத்த வாரம் அந்த அக்காவின் கையில் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம், இறந்தவர் உயிரோடு இருந்தபோது நடந்ததைக் காட்டுகிறார்கள் என்று சொல்லி, அவர் படுக்கையில் படுத்துக்கொண்டு, “எரியுது” என்று முனகுவதாகச் சொன்னேன். அந்த நேரம் திரையில் என்ன இருந்தது தெரியுமா? சுவர். சுவரில் ஈரம்.

என் கணவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். குழுவில் வந்த கருத்துகளை அன்று போடச் சொல்லவும் இல்லை.

சில நாள் கழித்து அக்கா வழக்கம்போலச் சொட்டு மருந்தோடு வந்து அவர் தலையை நிமிர்த்தியபோது அவர் அந்தக் கையை விலக்கினார். “இனிமே அவ போடட்டும்.”

“ஏன்டா? என் கை நடுங்குதா?”

“அதெல்லாம் இல்லை. அவ போடட்டும், அவ்வளவுதான்.”

அக்கா பாட்டிலை என் கையில் வைத்தார். “மறக்காம போடும்மா. போனது போனதுதானாம், திரும்ப வராதாம்” என்றார். அதை அக்கா சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. சொன்னார். தெளிவாகச் சொன்னார்.

அன்று மாலை நான் சொட்டு விட்டேன். அவர் பழக்கத்தில் தாடையை இறுக்கிக்கொண்டார். பிறகு மெல்லத் தளர்த்தினார்.

“எரியலையே” என்றார்.

இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. மூடியைத் திருகிவிட்டு விளக்கை அணைத்தேன். யோசித்ததெல்லாம் அவர்தான். மறுநாளும் எரியவில்லை. அதற்கு மறுநாளும் எரியவில்லை. இத்தனை காலம் அக்கா விட்டால் எரிந்தது, மனைவி விட்டால் எரியவில்லை. ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

“இந்த வீடு யார் பேர்ல இருக்கு அக்கா?” என்று ஒருநாள் கேட்டார்.

“என்னடா கேள்வி? உன் பேர்லதான்.”

“எனக்கு அப்புறம்?”

அக்காவுக்குப் புரியவே இல்லை. கையில் இருந்த துணியை மடிக்கக்கூட மறந்து, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அதற்குமேல் விளக்கவில்லை, இனி ஹோட்டல் ஊழியர் விடுதியிலேயே தங்கிக்கொள் என்று மட்டும் சொன்னார். அக்கா அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. இரண்டு பைகளில் துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “வயசாகிட்டே வருதில்ல, புத்தி தடுமாறும். நீ பாத்துக்கோ” என்று என் தோளைத் தட்டினார். லிஃப்ட் இறங்குகிற சத்தத்தை அவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது தரையில் நின்று கதவு திறந்த பிறகுதான் மூச்சை விட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். என் கல்யாணம் அப்போதுதான் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும், “வெளியே எப்படி இருக்கு?” என்று கேட்பார். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வேன். எதிர் வீட்டில் புதிதாக வர்ணம் அடிக்கிறார்கள், இரண்டு பேர் ஏணிக்காகச் சண்டை போடுகிறார்கள், ஒருத்தி தலையில் துண்டோடு வந்து இருவரையும் திட்டுகிறாள் என்பேன். அவருக்குப் பாதிச் சாப்பாட்டில் புரையேறும், அவ்வளவு சிரிப்பு. எதிர் வீட்டில் யாரும் வர்ணம் அடிக்கவில்லை. அதனால் என்ன? அவர் கண்ணுக்குத் தெரிந்த எதிலும் நான் பொய் சொன்னதில்லை. தெரியாததில்தான் சொன்னேன்.

கதவு மெதுவாக மூடிக்கொண்டே வந்தது. ஒருநாள் என் நெற்றியைத் தேடிக் கையை நீட்டினார், கை என் கன்னத்தில் பட்டது. “மூடிடுச்சும்மா” என்றார். கலங்கினார்தான். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். “நான் இருக்கேனே” என்றேன். “ஆமாம், நீ இருக்கே” என்றார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, “சொட்டு ஒழுங்கா போட்டீங்களா?” என்று என்னிடம் கேட்டார். “ஒரு வேளைகூடத் தவறவில்லை” என்றேன். அது உண்மை. அக்காவாவது வேலை அதிகமான நாளில் தாமதமாக வருவார். நான் அந்தந்த நேரத்துக்கு நின்றேன்.

தொடர் மட்டும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போவதில் அது ஒரு வசதி.

ஆபத்து ஒருமுறை லிஃப்டுக்குள் வந்தது. மருந்துக் கடைக்காரர் எங்களோடு ஏறினார். “சார், கொலை பண்ணினது அந்த இன்சூரன்ஸ்காரனேதான், எழுதி வச்சுக்கோங்க” என்றார்.

“போங்க சார். அக்காக்காரி பாட்டிலும் கையுமா சுத்தறா, இவரைப் போய்ச் சொல்றீங்க” என்றார் என் கணவர்.

“எந்த அக்கா?”

“அண்ணனுக்குப் பகல் பூரா கடையில நின்னு அசதி. சாயங்காலம் பாதியிலேயே தூங்கிடறார்போல” என்று நான் சிரித்தேன். மருந்துக் கடைக்காரரும் சிரித்துவிட்டார். “உண்மைதாம்மா, அதைப் பாத்தா யாருக்குத் தூக்கம் வராது” என்றபடி இறங்கிப் போனார். என் கணவர் என் காதருகே குனிந்து, “தூங்கி எழுந்து கருத்து சொல்ல வந்துடறாங்க” என்றார்.

ஆனால் மனிதருக்கு ஒரு தொடர் பிடித்துவிட்டால் அதைப் பற்றி நாலு பேரிடம் பேசாமல் இருக்க முடியாது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

தொலைக்காட்சி நிலையத்தில் நேயர்கள் போன் செய்து நேரலையில் கருத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு, பகலில் வரும். அன்று ‘ஈரச் சுவர்’ பற்றிப் பேசினார்கள். பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் அந்த டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு குடும்பத்துக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பின் ஒருவராக, மெதுவாகப் போகிறது, இழுக்கிறார்கள், சீக்கிரம் முடியுங்கள் என்றார்கள். பிறகு என் கணவரின் குரல் கேட்டது.

“எல்லாரும் மெதுவா போகுதுன்னு சொல்றாங்கம்மா. நான் ஒத்துக்க மாட்டேன். அந்த அக்கா பாட்டிலைத் துணிக்கு அடியில ஒளிச்சு வைக்கிற இடம் இருக்கே, அப்பப்பா. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கலை.”

நிகழ்ச்சி நடத்தும் பெண் கொஞ்சம் தடுமாறினாள். “சார், எந்த அக்காவைச் சொல்றீங்க?”

“இறந்தவரோட அக்காதான். அவர் ‘எரியுது எரியுது’ன்னு துடிக்கறப்போ வாசல்ல நின்னு பாக்கறாளே.”

“சார்” என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அந்த மாதிரி யாரும் இந்தத் தொடர்ல இல்லையே. நீங்க வேற சேனல் வச்சிருக்கீங்களோ?”

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூட்டை தூக்குகிற ஆள், “பெரியவர் டைரக்டரைவிட நல்லா கதை பண்றார்யா” என்றார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் என் பதிவுக்குரல் ஏதோ ஒரு வண்டி ரத்தானதை அறிவித்தது. அது முடிந்தபோது என் கணவரின் பேச்சும் முடிந்திருந்தது. கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீதிச் சீட்டுகளைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வரிசையில் நிற்பவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற பழக்கம் எனக்கில்லை.

வீட்டுக்குப் போனபோது டியூஷன் டீச்சர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொடரின் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லி என் கணவர்தான் கூப்பிட்டாராம். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகியிருக்காது. டீச்சரின் கையில், கீழே மருந்துக் கடையில் வாங்கி வந்த, உடைக்காத புதுச் சொட்டு மருந்துப் பாட்டில். மேஜையில் நான் பாதி தீர்த்திருந்த பழைய பாட்டில்.

“டீச்சர், புதுசை உடைச்சு ஒரு சொட்டு விடுங்க” என்றார் அவர். நான் வந்துவிட்டது அவருக்குத் தெரியும், என் செருப்புச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பியிருந்தார்.

டீச்சர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், விட்டார். என் கணவரின் தாடை இறுகியது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“எரியுது” என்றார். பிறகு என்னிடம் பேசினார், கத்தாமல், பழுதான ஒரு மோட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல. “ஒரு லிஃப்ட்ல புதுசா சத்தம் வந்தா, அதுக்கு முன்னால எதை மாத்தினோம்னுதான் முதல்ல பாக்கணும். நான் அக்காவை மாத்தினேன். எரிச்சல் நின்னுச்சு. கண்ணு போச்சு. எரிச்சல் நின்னதை நான் நல்லதுன்னு நினைச்சிட்டேன்.” மேஜையைத் தடவிப் பழைய பாட்டிலை எடுத்தார். “அதுல என்னம்மா இருந்தது?”

“கண் வறட்சிக்குப் போடற சொட்டுதாங்க. கெடுதல் இல்லை” என்றேன்.

“கெடுதல் இல்லை” என்று அவர் திருப்பிச் சொன்னார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர்தான் அக்காவுக்குப் போன் செய்தது. அக்கா வந்து அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொல் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆக, மேடம், நீங்கள் கேட்டதற்கு வந்துவிட்டேன். ஆமாம். ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் சரியான மருந்தைத்தான் வாங்கினேன். பாட்டிலின் முனையை நெம்பி, மருந்தைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வறட்சிக்கான சொட்டை அதில் நிரப்பினேன். பார்வை போய்விடும் என்று தெரியும். போக வேண்டும் என்றுதான் செய்தேன். கை தவறவில்லை, புத்தி பேதலிக்கவில்லை, யாரும் தூண்டவில்லை. அக்காவை வீட்டை விட்டு அனுப்ப வேண்டுமென்று நான் நினைக்கவில்லை என்று எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். வேண்டாம். அதையும் நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். எதற்கு? அந்த இடுக்கு வழியாக அவர் இன்னும் இருபது வருஷம் எதைப் பார்த்திருப்பார்? பெரிய டி.வி. ஒன்றை. அதற்குப் பதிலாக நான் அவருக்கு ஒரு தெருவையே கொடுத்தேன், ஒவ்வொரு நாளும் புதிதாக. ஊரே கொட்டாவி விட்ட ஒன்றை அவர் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அந்த நிகழ்ச்சியில் அன்று பேசியவர்களில் சந்தோஷமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். பதிவு இருக்கும், போட்டுக் கேளுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு தூரம் யாரும் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

நேற்று நீங்கள் அவரைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அக்காவின் விடுதி அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், என் பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்கிறார் என்றீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு எப்போதுமே பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன், அதையும் சேர்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அக்கா வேலைக்குப் போய்விட்டார். ஜன்னல் திறந்திருக்கிறது, வெயில் சாய்ந்து கட்டில் விளிம்புவரை வந்திருக்கிறது. கீழே யாரோ படியேறி வருகிற சத்தம். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறார். முகத்தில் கோபமே இல்லை.